தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்: இணையத்தில் பழங்காசு வாங்கி விற்ற அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. வீடு சிவதாபுரம். கொலுசுக்கு வெள்ளிக்கட்டி வாங்குவது ஒரு பக்கம் என்றால், பழைய வெள்ளியை வாங்கி உருக்குவது இன்னொரு பக்கம். அரைஞாண், உடைந்த மெட்டி, நசுங்கிய குங்குமச்சிமிழ் என்று வருவதோடு அவ்வப்போது காசும் வரும். விக்டோரியா தலை, எட்வர்டு தலை, ஜார்ஜ் தலை. அப்பா காலத்தில் எல்லாமே வெள்ளி உருக்கும் கிண்ணமான மூசைக்குள் போய்விடும். அந்தக் காசுகள் இளகி முகம் கரைவதைச் சிறுவயதில் நின்று பார்த்திருக்கிறேன். பட்டறை என் கைக்கு வந்தபிறகு காசை மூசைக்கு விடுவதில்லை. உருக்கு விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தாவது தனியே எடுத்துவைத்துவிடுவேன்.

அப்படித் தொடங்கியதுதான். 2016-லிருந்து இணையத்தில் வாங்குகிறேன், 2019-லிருந்து விற்கவும் செய்கிறேன். கடைவீதியில் தெரிந்தவர்கள், ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர், மகனோடு படித்த பையன்கள் என்று பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எந்தத் தளத்தில் வாங்கலாம்? எதில் விற்கலாம்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். என்னை ஏமாற்றியவர்கள் பெயரைப் போடவில்லை. பெயரைவிட, எப்படி ஏமாற்றினார்கள் என்பது உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில் எடைக் கணக்கு. 1835 முதல் 1939 வரை அடித்த பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஒன்றின் எடை 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. இந்த எடைதான் ஒரு தோலா. எங்கள் தாத்தா தோலா என்று சொல்லமாட்டார், 'ரூபாய் எடை' என்பார். மூன்று ரூபாய் எடை ஒரு பலம். அந்தக் காலத்தில் காசேதான் எடைக்கல். தட்டில் ரூபாயை வைத்து எதிர்த்தட்டில் வெள்ளியை நிறுத்திருக்கிறார்கள். எடைக்கல்லாகவே இருந்த ஒரு பொருளை எடை கேட்காமல் வாங்குவது எனக்குப் புரியவே இல்லை. ஆனால் இணையத்தில் விற்பவர்கள் பெரும்பாலும் எடையைப் போடுவதில்லை. 'அரிய காசு, உடனே வாங்குங்கள்' என்று மட்டும் போடுகிறார்கள்.

1940 முதல் 1945 வரை வந்த ரூபாயும் அதே 11.66 கிராம்தான், ஆனால் பாதிதான் வெள்ளி. மீதியில் 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்து ஐந்து. போர்க்காலத்தில் வெள்ளியைக் குறைத்துவிட்டார்கள். 1947-ல் புலி போட்டு வந்த ரூபாய் முழுக்க நிக்கல், காந்தம் வைத்தால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். அதையும் 'வெள்ளி ரூபாய்' என்று போட்டு விற்கிறார்கள். வீட்டில் ஒரு காந்தம் இருந்தால் போதும், இதில் ஏமாற வேண்டியதில்லை.

இனி என் அனுபவம். நான் முதலில் கணக்குத் தொடங்கியது ஈபே இந்தியாவில். விற்பவரைப் பற்றி முன்பு வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அங்கே கண்ணெதிரே இருக்கும். 2018 ஆகஸ்டில் அந்த இந்தியத் தளத்தை மூடிவிட்டார்கள். அதன்பிறகு வேறு வேறு இடங்களுக்குப் போனேன்.

2021-ல், செருப்பு முதல் செல்போன் வரை எல்லாமே விற்கும் ஒரு பெரிய தளத்தில் 1862 விக்டோரியா ரூபாய் ஒன்று 1,450 ரூபாய்க்குக் கண்ணில் பட்டது. படம் பிரமாதம். வாங்கிவிட்டேன். எட்டாம் நாள் பட்டறைக்கே பார்சல் வந்தது. பழுப்புக் கவர், உள்ளே ஒரு சிவப்புத் துணிப்பை, அதற்குள் காசு. கையில் விழுந்ததுமே தெரிந்துவிட்டது. நாள் முழுக்க வெள்ளி தொடும் கைக்கு அந்தக் கனம் போதவில்லை. தராசில் வைத்தேன்: 10.42. புழங்கித் தேய்ந்த காசு 11.4 வரை இறங்கியிருந்தால் ஒத்துக்கொள்வேன். ஒன்றேகால் கிராம் தேயவேண்டுமென்றால் முகமே இருக்காது. இதில் ராணியின் கிரீடம், மாலை, சட்டைப் பூ எல்லாம் அப்படியே இருந்தன.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இட்லியின் மேல்பரப்பில் இருக்குமே, அதுபோலப் பொடிப்பொடிக் குழிகள். அச்சில் அடித்த காசில் எழுத்து தரையிலிருந்து நிமிர்ந்து எழும்பும். அடியில் ஒரு கூர்மை இருக்கும். வார்ப்பில் ஊற்றிய காசில் எழுத்தின் அடி குழைந்து கிடக்கும். சலங்கை வார்ப்பு பார்த்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். விளிம்பைத் திருப்பினேன். வரிவரியாக ஒரே சீராக ஓடவேண்டிய கோடுகள் ஓரிடத்தில் மட்டும் மழுங்கியிருந்தன. அங்கே அரம் பிடித்திருக்கிறார்கள். வார்ப்பச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் வரும் பொருத்தை ராவி எடுத்த தடம் அது. கடைசியாக விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் மெல்லத் தட்டினேன். நல்ல ரூபாய் 'ணங்'கென்று ஒலித்து அந்த ஒலி கொஞ்ச நேரம் நீளும். இது 'டொக்'கென்று நின்றுபோனது.

இதோடு தண்ணீர்ச் சோதனை ஒன்றும் செய்தேன். அதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உரைகல்லில் உரசாமல், காசுக்கு ஒரு கீறல் விழாமல் வெள்ளியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கிராமில் இரண்டு தசமம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு வேண்டும். ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்திருக்க வேண்டும். தராசு ஒரு எண்ணைக் காட்டும். 91.7 வெள்ளி ரூபாய் என்றால் அது 1.13 கிராம் அளவில் இருக்கும். பாதி வெள்ளி ரூபாய் என்றால் 1.22 அளவில். காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வரும். நல்ல ரூபாய்க்குப் பத்தேகாலுக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். எனக்கு வந்த 1862-க்கு எட்டரைதான் வந்தது. வெள்ளி அதில் பூச்சுக்குக்கூட இருந்ததா என்பது சந்தேகம்.

பணம் திரும்ப வந்ததா? வந்தது, பதினேழு நாள் கழித்து. பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள். நல்லவேளை, பையன் செல்லில் எடுத்து வைத்திருந்தான். அது இல்லையென்றால் 1,450 ரூபாய் போனதுதான். ஆனால் என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பணம் அல்ல. அதே விற்பனையாளர் அதே படத்தை வைத்து மறுமாதமும் விற்றுக்கொண்டிருந்தார். புகார் எழுதினேன், 'நடவடிக்கை எடுக்கிறோம்' என்று பதில் வந்தது. படம் அப்படியே இருந்தது. அந்தத் தளத்துக்கு என் மதிப்பெண் பத்துக்கு மூன்று, அதுவும் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்காக.

இன்னொரு சின்னச் சோதனை படத்திலேயே செய்யலாம். 1862 ரூபாயில் 'விக்டோரியா குயின்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். 'எம்ப்ரஸ்' என்பது 1877-லிருந்துதான் வருகிறது. 1862 என்று ஆண்டும் எம்ப்ரஸ் என்று பட்டமும் ஒரே காசில் இருந்தால் அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள். இப்படி இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

காசு மட்டுமே விற்கும் வியாபாரிகளின் தளங்கள் இதைவிட எவ்வளவோ மேல். விலை கொஞ்சம் அதிகம் இருக்கும், இருக்கட்டும். கர்நாடகத்தில் உரிமம் வைத்திருக்கும் ஒரு வியாபாரியிடம் திப்பு சுல்தானின் யானைக் காசு, செம்பு, ஒன்று வாங்கினேன். எனக்கு அதன்மேல் தனி ஆசை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடுதான் சேலம் சீமையும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போயின. அதுவரை இது மைசூர்ச் சீமை. இந்தக் கடைவீதியிலும் அந்த யானைக் காசு புழங்கியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

அந்த வியாபாரி நான் கேட்பதற்கு முன்பே நான்கு படம் அனுப்பினார். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, நான்காவது தராசின் மேல் காசு: 10.98. யானையின் பின்னங்காலில் ஒரு பழைய பள்ளம் இருப்பதைத் தனியே வட்டம் போட்டுக் காட்டி, 'இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க சார்' என்று எழுதியிருந்தார். குறையை அவரே காட்டியபிறகு யோசிக்க என்ன இருக்கிறது. பார்சல் வந்தது. அட்டை ஹோல்டரில் காசு, அதன் இருபுறமும் கெட்டி அட்டை, சுற்றிலும் டேப், ஆட்டிப் பார்த்தால் சத்தம் இல்லை. இளகிய பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தப் பிளாஸ்டிக்கில் கிடந்தால் கொஞ்ச நாளில் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறும், செம்புக் காசு பாழாகிவிடும். வாங்கியதும் முதல் வேலையாக உறையை மாற்றிவிடுங்கள். அந்த வியாபாரிக்கு நான் பத்துக்குப் பத்து கொடுப்பேன். மூன்று வருடமாக வேறு யாரிடமும் திப்பு காசு வாங்கவில்லை.

வாட்ஸப், பேஸ்புக் குழு ஏலங்கள் வேறு மாதிரி. இரவு ஒன்பது மணிக்குப் படம் போடுவார்கள், பத்து மணிக்கு முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் கை பரபரக்கும். நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதை மறுக்கமாட்டேன். எனக்கு 1954 நிக்கல் ரூபாய் கிடைத்ததும், காசில் வைரக்குறி இருந்தால் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா என்று நான் கற்றுக்கொண்டதும் ஒரு குழுவில்தான். ஆனால் பணத்தை முதலில் அனுப்ப வேண்டும், ஏதாவது தகராறு வந்தால் கேட்க ஆள் இல்லை. நிர்வாகி நல்லவராக இருந்தால் குழு நல்ல குழு, அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் குழுவில் வாங்குவதில்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காசு அடிக்கும் அரசு அச்சுச் சாலையின் சொந்த இணையதளமும் உண்டு. நினைவு நாணயங்கள் வேண்டும் என்றால் அங்கேயே வாங்குங்கள், வேறு எங்கும் வேண்டாம். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு வந்த நூறு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம், பாதி வெள்ளி. புழக்கத்துக்கு விடும் காசு அல்ல. முகத்தில் நூறு என்று இருந்தாலும் அச்சுச் சாலை விற்கும் விலை அதைவிடப் பல மடங்கு, அதில் தப்பில்லை. உள்ளே பதினேழரை கிராம் வெள்ளி இருக்கிறது. தப்பு எங்கே என்றால், அதே அளவில் பித்தளையில் அடித்து வெள்ளி முலாம் பூசி, 'நினைவுப் பொருள்' என்று ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டு விற்பதில். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு நிறைவுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயத்தை இப்படிப் போலியாக இரண்டு பேர் எனக்கே அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கோபுரத்தைப் பித்தளையில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இனி விற்பது. இதில் ஒரு காசின் கதையைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

2025-ல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றபோது, வீட்டில் கிடந்த வெள்ளியெல்லாம் கடைவீதிக்கு வர ஆரம்பித்தது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஓர் ஆயா சுருக்குப்பையோடு வந்தார். பேரன் கல்லூரி ஃபீஸ். பையைக் கவிழ்த்தார்: ஒரு ரூபாய்க் காசு பதினான்கு. பெரும்பாலும் 1942, 1943, 1944 பாதி வெள்ளி. எட்வர்டு தலை இரண்டு. ஒன்றே ஒன்று ஐந்தாம் ஜார்ஜ் தலை, 1911.

அந்த ஆண்டை லென்ஸில் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு யானை உருவம் இருக்கும். முதலில் அடித்தபோது தும்பிக்கை குட்டையாகிப்போய், பார்த்தவர்களுக்கு அது பன்றி மாதிரித் தெரிந்திருக்கிறது. மத உணர்வு புண்படுகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, காசை நிறுத்திவிட்டு 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 1911 ரூபாய் அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

"ஆயா, மத்ததையெல்லாம் எடை போட்டு இப்பவே காசு கொடுத்துடறேன். இது ஒண்ணை உருக்கக் கூடாது."

"உருக்குனா என்ன தம்பி, வெள்ளிதானே?"

லென்ஸை அவர் கையில் கொடுத்து, மன்னர் மார்புக்குக் கீழே எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டினேன். கண் இடுங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆனைதான். பன்னின்னு எவன் சொன்னான்?" என்றார்.

அந்தக் காசுக்கு அன்றைய உருக்கு விலையாக 1,100 ரூபாய் கையில் கொடுத்தேன். விற்றபிறகு செலவு போக மேலே வருவதில் பாதி உங்களுக்கு என்று சொல்லி, பேரனின் செல் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

இதை நானே பட்டியலிட்டு விற்றிருக்கலாம். விற்கவில்லை. காரணம், நூறு வருடம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் 'கூரியரில் போடுங்கள், இரண்டு மடங்கு தருகிறேன்' என்று கேட்டு எனக்கே செய்தி வந்திருக்கிறது. பதில் போடுவதில்லை. நிலத்தில் கிடைத்தது என்று படம் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் பதில் போடுவேன். புதையல் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது, கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்று. நம் மாவட்டம் கோனேரிப்பட்டியில் 1987-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவை எங்கள் தெரு மூசைக்கு வந்திருந்தால் சீசர் கொலுசாகியிருப்பார், நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

ஆகவே 1911-ஐ உரிமம் உள்ள ஒரு ஏல நிறுவனத்துக்கு இன்ஷூரன்ஸோடு அனுப்பினேன். அவர்கள் எடுத்த படத்தைப் பார்த்ததும் எனக்கே அது வேறு காசு மாதிரித் தெரிந்தது. வெளிச்சத்தை அப்படி வைத்திருந்தார்கள், சாம்பல் நிறத்துக்குள் ஒரு நீலம் ஓடியது. ஏலம் 6,200-க்கு முடிந்தது. பத்து சதவீதம் கமிஷன், கமிஷன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., போக 5,468 ரூபாய் வந்தது. முன்பு கொடுத்த 1,100-ஐக் கழித்தால் 4,368. பாதி 2,184. ஆயாவின் பேரனுக்கு அனுப்பினேன். குறை என்று சொன்னால், பணம் வர ஐம்பது நாள் ஆனது. ஃபீஸ் கட்டவேண்டிய வீட்டுக்கு ஐம்பது நாள் பெரிய விஷயம். அதை அவர்களுக்கு எழுதியும் சொன்னேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை. பத்துக்கு எட்டு.

விற்கிறவர்களுக்கு நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. காசைத் தேய்க்காதீர்கள். எங்கள் தொழிலில் மெருகு இல்லாத கொலுசை யாரும் வாங்கமாட்டார்கள், கழுவித் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தால்தான் விலை. பழங்காசில் எல்லாமே தலைகீழ். நூறு வருடமாக அதன்மேல் படிந்த அந்தக் கருமைதான் அதன் தோல். 2015-ல், விவரம் தெரியாத நாளில், ஒரு நல்ல 1840 ரூபாயைப் பூவந்திக் கொட்டை நீரில் ஊறவைத்து மெருகுப் பிரஷ்ஷால் தேய்த்தேன். நிலா மாதிரி வந்தது. ஒரு வியாபாரியிடம் காட்டினேன். லென்ஸில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடமே நகர்த்தி வைத்தார். ராணியின் கன்னத்தில் மயிர்க்கோடுகளாகக் கீறல். விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்தக் காசை இன்னும் விற்கவில்லை, புதிதாகப் பட்டறைக்கு வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன். வாங்கும்போதும் படத்தில் ரொம்பப் பளபளப்பாக இருந்தால் விலகிவிடுங்கள்.

கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் தரம் போட்டு வருகிற காசுகள் பற்றிக் கேட்கிறார்கள். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் பரிசோதித்துப் பெட்டியில் அடைத்து எண் கொடுக்கும். விலையுயர்ந்த காசுக்கு அது நல்லதுதான். ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையில் உள்ள காசும் ஒன்றா என்று பார்த்தபிறகே பணம் கொடுங்கள்.

அப்புறம், இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்குத்தான். எங்கள் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்க்கிற ஒரு தங்கை, ஒருநாள் செல்லைத் தூக்கிக்கொண்டு வந்தது. "அண்ணா, வைஷ்ணோதேவி போட்ட அஞ்சு ரூபா காசு பத்து லட்சத்துக்குப் போகுதாம், எங்கிட்ட ரெண்டு இருக்கு." 2012-ல் அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்கு வந்த காசு அது. நிறைய அடித்தார்கள், இன்றும் பஸ்ஸில் சில்லறையாக வருகிறது. ஆனால் என்னிடம் கேட்பதற்குள் 'பதிவுக் கட்டணம்' என்று 1,150 ரூபாய் அனுப்பிவிட்டது. அடுத்து 'வரி' என்று ஆறாயிரம் கேட்டிருந்தார்கள். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் ரிசர்வ் வங்கியின் முத்திரை வேறு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது: பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் சார்பில் யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்லை. அந்தச் செய்தியைத் தேடி எடுத்துக் காட்டினேன். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் பதிவு செய்தோம். ஆறாயிரம் தப்பியது, 1,150 திரும்பி வரவில்லை. அது இரண்டு நாள் கூலிக்கு மேல். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, 786 எண் நோட்டு என்று ஆசை காட்டுவதும் இதே கூட்டம்தான். விற்கிறவரிடம் முன்பணம் கேட்கிறவர் காசு வாங்க வந்தவர் அல்ல.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் உருவத்தோடு 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று செம்பில் வருமே, அதுவும் காசு அல்ல. கும்பினி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. கோயில் வாசலில் விற்ற வில்லைகள் அவை. பூஜையில் வைத்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சாமிதானே. அரிசியை இழுக்கும் என்று யாராவது அதற்கு லட்சக்கணக்கில் விலை பேசினால் கதவைச் சாத்திவிடுங்கள். அரிசிக்குள் இரும்புத் தூளை ஏற்றிவைத்து வித்தை காட்டுவார்கள்.

எடை எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. இப்போதே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்காட்டு நண்பருக்கு 1939 ரூபாய் வேண்டும். ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு 91.7 வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் அது, மிக அரிது. 1938 சுலபமாகக் கிடைக்கும். அதனால் 1938-ல் உள்ள எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிவிடுகிறார்கள். வெள்ளி நல்ல வெள்ளி, எடை சரியான எடை, ஒலியும் சரி, தண்ணீர்ச் சோதனையும் தேறிவிடும். அந்த ஒரு எழுத்தில் மட்டும்தான் பொய். அங்கே லென்ஸ்தான் வழி. ஒன்பதின் வளைவு மற்ற எண்களின் தடிமனோடு பொருந்துகிறதா, வெட்டி எடுத்த இடத்தில் தரை கொஞ்சம் பள்ளமாக, மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

விற்பவர் நேற்று இரவு படம் அனுப்பினார். தராசில் 11.63. ஒன்பதின் இடதுபக்கக் கீழ்மூலையில் ஒரு வெளுப்பு தெரிகிறது. அது வெளிச்சம் பட்டதாகவும் இருக்கலாம். ஜன்னல் பக்கம் வைத்து, விளக்கில்லாமல், அந்த எண்ணை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நண்பர் காலையிலிருந்து மூன்று முறை போன் போட்டுவிட்டார். படம் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.